‘பா’: ஆரோவைச் சும்மா விட்டிருக்கலாம்

‘பா’ என்ற இந்திப் படத்தில் பெயர் போடும் இடத்திலேயே குறும்பு ஆரம்பித்துவிடுகிறது. எழுத்துகள் ஓடுவதற்குப் பதிலாக ஜெயா பச்சன் திரையில் வந்து நின்று, யார் நடித்திருக்கிறார்கள், யார் இசை, யார் ஒளிப்பதிவு என்று வாயாலேயே சொல்கிறார். அதில் ‘அறிமுகம்: அமிதாப் பச்சன்’ என்று வேறு. 1969 முதல் நடித்துக்கொண்டிருக்கும் கணவரை மனைவியே புதுமுகம் என்று சொல்வது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் ஆரோ என்ற நோயாளிப் பையனாகத் திரைக்கு வந்ததும், சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மொட்டைத் தலை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய மண்டை, புடைத்த நரம்பு, கூனல் நடை. நாம் கேட்டுப் பழகிய அந்தக் கனத்த குரலையும் காணோம். தேடித்தேடிப் பார்த்தும் எனக்கு அமிதாப் அகப்படவில்லை.

படம் 2009 டிசம்பரில் வந்தது. அப்போது நான் சென்னையில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். நாள் முழுக்க டிரிப்ஸும் கேஸ் ஷீட்டுமாக அலைந்துவிட்டு, காசு கொடுத்து நோயாளிப் பிள்ளையின் கதையைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு மகள்தான் போட்டுக் காட்டினாள். அப்புறம் அவள் இல்லாத ஒரு மத்தியானம் நானே திரும்பப் பார்த்தேன். இந்தி எனக்கு அரைகுறை. அடியில் ஓடும் எழுத்தை நம்பித்தான் பாதிப் படம்.

கதை பெரிய சிக்கல் இல்லாதது. வித்யாவும் அமோல் ஆர்தேயும் இங்கிலாந்தில் படிக்கும்போது பழகுகிறார்கள். வித்யா கர்ப்பமாகிறாள். அமோலுக்கு அரசியலில் இறங்க வேண்டும், பிள்ளை இப்போது வேண்டாம், கலைத்துவிடலாம் என்கிறான். அவள் ஒன்றும் சண்டை போடவில்லை, விலகிப் போய்விடுகிறாள். தன் அம்மாவின் துணையோடு பிள்ளையைப் பெற்று வளர்க்கிறாள், மகப்பேறு மருத்துவராகவும் ஆகிறாள். அந்தப் பிள்ளைதான் ஆரோ. பன்னிரண்டு வயது, பார்வைக்கு அறுபதுக்கு மேல். அமோல் எம்.பி. ஆகி ஆரோவின் பள்ளி விழாவுக்கே விருந்தினராக வருகிறான். இந்தியாவைப் பற்றிய கற்பனை என்ற தலைப்புக்கு ஆரோ வெறும் வெள்ளைப் பூகோள உருண்டை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறான், எல்லைக்கோடே இல்லாமல். அதற்குப் பரிசு. அப்பாவும் மகனும் உறவு தெரியாமலே பழகத் தொடங்குகிறார்கள். பையனுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது, அப்பாவுக்குப் பிறகு. அப்பா வேடத்தில் அப்போது 33 வயதான அபிஷேக், மகன் வேடத்தில் 67 வயதான அவருடைய சொந்த அப்பா. இந்தத் தலைகீழ் ஆட்டம்தான் விளம்பரத்துக்கு உதவியது. பார்க்கும்போது அது பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறது. படத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம்.

நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆரோவுக்கு இருப்பது ப்ரொஜீரியா, பிள்ளையின் உடம்பு சீக்கிரமே கிழடாகிவிடும் நோய். ஏறக்குறைய 40 லட்சம் பிறப்பில் ஒன்றுக்கு வருவது. என் வார்டில் நான் பார்த்ததில்லை, பாடப் புத்தகத்துப் படத்தோடு சரி. 1886-இல் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் முதலில் எழுதினார், பிறகு கில்ஃபோர்ட். காரணம் ஒரே ஒரு மரபணுவில் தற்செயலாக நேரும் பிழை, எல்.எம்.என்.ஏ. என்று பெயர், 2003-இல்தான் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் அப்பா வழியிலும் வராது, அம்மா வழியிலும் வராது. தோலுக்கடியில் கொழுப்பு இருக்காது, முடி கொட்டிவிடும், மூட்டு இறுகும், வளர்த்தி நின்றுவிடும். புத்திக்கு ஒரு குறையும் வராது. ரத்தக்குழாய் மட்டும் கிழவருடையதுபோல் தடித்துப் போகும். மருந்து இல்லாவிட்டால் சராசரியாக 14 வயதை ஒட்டி மாரடைப்போ பக்கவாதமோ முடித்துவிடும். லோனஃபார்னிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2020 நவம்பரில். ஆரோவின் காலத்தில் அதுவும் இல்லை.

இதையெல்லாம் படம் பாடமாக நடத்தவில்லை, அதுவே பெரிய நிம்மதி. மருத்துவர் வெள்ளைக் கோட்டோடு வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விடும் காட்சியை வைத்துக்கொண்டு படத்தை ஓட்டவில்லை. இன்னொன்றும் இல்லை, அதை நான் கவனித்துப் பார்த்தேன். இந்தப் பிள்ளை இப்படிப் பிறந்ததற்கு யாரும் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. எங்கள் வார்டில் புதிதாக அட்மிஷன் ஆகும் பிள்ளையின் தாயிடம் பக்கத்துக் கட்டில் பாட்டி கேட்கும் முதல் கேள்வியே, “கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியாம்மா?” என்பதாக இருக்கும். சொந்த மாமியார் வேறு மாதிரி கேட்பார். வித்யாவின் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சினிமா வீடு என்பதால் இப்படியா என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் பாட்டியைப் பார்த்ததும் புரிந்தது.

பாட்டியாக வருவது அருந்ததி நாக். பெங்களூரில் ரங்க சங்கரா நாடக அரங்கை எழுப்பிய அதே அருந்ததி. பேரன் அவரைப் பாட்டி என்று கூப்பிடுவதில்லை. அவருடைய பருத்த பின்பக்கத்தை வைத்து ‘பம்’ என்று பட்டப்பெயர். அவரும் அதற்கு ‘என்னடா’ என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். கல்யாணம் ஆகாத மகள் வெளிநாட்டிலிருந்து வயிற்றில் பிள்ளையோடு வந்து நிற்கிறாள். நம் படங்களில் என்றால் அங்கே கன்னத்தில் ஒரு அறை, ஒரு ஒப்பாரி, தாத்தா போட்டோ முன்னால் ஒரு வசனம் நிச்சயம். இங்கே இந்த அம்மா பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான், முகத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வருஷத் தேசிய விருதில் சிறந்த துணை நடிகை இவர்தான். சிறந்த நடிகர், ஒப்பனை, சிறந்த இந்திப் படம் ஆகியவையும் ‘பா’வுக்கே வந்தன. என்னைக் கேட்டால் வரிசையில் பாட்டிக்குத்தான் முதலிடம். வார்டில் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியது பெரும்பாலும் இப்படிப்பட்ட பாட்டிகள்தான். அம்மா அழுது களைத்த நேரத்தில் கட்டிலுக்கடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பேரனிடம் சீட்டு விளையாட்டில் கள்ளாட்டம் ஆடும் பாட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

வித்யாவாக வரும் வித்யா பாலனும் குறைவில்லை. பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் இருந்தும் அவள் வேலைக்குப் போகிறாள், சோர்ந்து திரும்புகிறாள், பையன் வம்பு செய்தால் கோபப்படுகிறாள். நோயாளிப் பிள்ளையைத் திட்டும் அம்மாவைத் திரையில் பார்ப்பது அபூர்வம். வார்டில் அது தினப்படி நடப்பது. “மாத்திரையத் துப்புனே, கொன்னுடுவேன்” என்று கத்தும் தாயைப் பார்த்து ஹவுஸ் சர்ஜன் பெண்கள் திடுக்கிடுவார்கள். அந்தக் கத்தல்தான் அந்தக் குழந்தைக்கு, வீடு இன்னும் வீடாகத்தான் இருக்கிறது என்பதற்கு அடையாளம். எல்லாரும் மெதுவாகப் பேசத் தொடங்கினால்தான் பிள்ளைகளுக்குப் பயம் வரும்.

ஆரோ பயப்படுகிறவன் இல்லை. சேட்டைக்காரன், சுயமரியாதைக்காரன், பரிதாபப்பட வந்தவர்களை ஓட விடுகிறவன். டிவிக்காரர்கள் வீட்டை மொய்த்ததும் எரிச்சலாகி எம்.பி.யையே தட்டிக்கேட்கிறான். இயக்குநர் பால்கி விளம்பர உலகத்திலிருந்து வந்தவர், வசனம் சின்னச் சின்னதாக, குத்தலாக இருக்கிறது. சில இடத்தில் பன்னிரண்டு வயசுப் பையன் பேசுகிறானா, விளம்பர ஆபீஸில் இருக்கும் முப்பது வயசுக்காரர் பேசுகிறாரா என்று சந்தேகம் வரும். சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது நடுவில் வரும் அரசியல். அமோல் நல்ல எம்.பி. என்று காட்டக் குடிசைப்பகுதி வீட்டுத் திட்டம், அதை எதிர்க்கும் கட்சிக்காரர்கள், திரித்துச் செய்தி போடும் சேனல்கள், அவர்களுக்குத் தூர்தர்ஷன் வழியாக அமோல் கொடுக்கும் பதிலடி என்று ஒரு தனிப் படமே ஓடுகிறது. அபிஷேக் வெள்ளைக் குர்தாவில் பாங்காக இருக்கிறார், பரேஷ் ராவல் அமோலின் அப்பாவாக வந்து சிரிக்கவும் வைக்கிறார். ஆனால் அவ்வளவு நேரமும் பையனைக் காணோம். இரண்டாம் தடவை பார்த்தபோது அந்த இடத்தில் எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன், ஒன்றும் தவறிப்போகவில்லை.

ஒப்பனை செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், கிறிஸ்டியன் டின்ஸ்லியும் டொமினி டில்லும். முகத்தில் ஒட்டிய பொருள் என்று தெரியாத அளவுக்கு உதடும் கன்னமும் அசைகின்றன. ஒரே குறை உயரம். நிஜத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகள் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் நிற்பார்கள், எடையும் பதினைந்து கிலோவைத் தாண்டினால் அதிசயம். ஒரு கையில் தூக்கிவிடலாம். அமிதாப் எவ்வளவு கூனிக் குறுகினாலும் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் பெரிய உருவம்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த நோயின் கொடுமையே அந்தச் சின்ன உடம்புதான், அது படத்தில் இல்லை. ஆரோவை யாரும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கவில்லை. ஊசி போட நரம்பு கிடைக்காமல் யாரும் தவிக்கவும் இல்லை. நோய் அவன் முகத்தில் இருக்கிறது, அன்றாடத்தில் இல்லை. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு மென்மையாக இருக்கிறது. ஆஸ்பத்திரிகூட அழகாக இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊர்க்காரர்கள் யாரும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசி முடிக்க மாட்டார்கள். இளையராஜா. ‘கும் சும் கும்’ பாட்டு ஆரம்பித்ததும் மகள் போனிலிருந்து தலை தூக்கி, “அம்மா, இது நம்ம பாட்டாச்சே” என்றாள். ஆமாம், 1982-இல் ‘ஆட்டோ ராஜா’வில் ‘சங்கத்தில் பாடாத கவிதை’யாகவும், அதே வருஷம் மலையாளத்து ‘ஓளங்க’ளில் ‘தும்பி வா’வாகவும் வந்த மெட்டு. இங்கே பவதாரிணி குரலில், பிள்ளைகள் கூட்டத்தோடு. பழைய சரக்கைத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே. இந்தப் படத்துக்கு வேண்டியது தாலாட்டுக்கும் விளையாட்டுக்கும் நடுவில் ஒரு மெட்டு, அவரிடம் அது முன்பே இருந்தது. பவதாரிணி 2024 ஜனவரியில் போய்விட்டார். இப்போது அந்தப் பாட்டைக் கேட்கும்போது அதுவும் சேர்ந்துகொள்கிறது. பள்ளியில் ஆரோவைப் பார்த்து முதலில் மிரண்டுபோய், பிறகு மன்னிப்புக் கேட்க அவன் பின்னாலேயே சுற்றும் சோமி என்ற பெண்ணாக நடித்த தருணி சச்தேவ் 2012-இல் நேபாள விமான விபத்தில் இறந்துபோன குழந்தை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறவு அவர்களுடையதுதான். அவன் பேசாமல் முறைத்துக்கொண்டு திரிவதும், அவள் விடாமல் வருவதும் அப்படியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

இனி என் சண்டை. ஆரோவின் உடம்பு தளர்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதுவரை தன் போக்கில் இருந்த பையனுக்கு அப்போது கதை ஒரு வேலை கொடுக்கிறது. பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்க வேண்டும். பதிமூன்று வருஷம் தன் கோபத்தைக் காப்பாற்றி வந்த வித்யா, அமோல் திரும்பி வந்து கேட்டபோதுகூட மசியாதவள், பிள்ளையின் கட்டிலருகில் இளகிவிடுகிறாள். அவன் ‘பா’, ‘மா’ என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகக் கண்ணை மூடுகிறான். வெளியே மழை, சோமியின் அழுகை. அரங்கில் பார்த்தவர்கள் கர்சீப்பை நனைத்திருப்பார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ராஜாவின் வயலின் வந்தால் யாருக்குக் கலங்காது? ஆனால் கலங்கிக்கொண்டே கோபமும் வந்தது.

எங்கள் வார்டில் ஒரு பையன் இருந்தான். ரத்தப் புற்று, எட்டு வயசிருக்கும். இடது கைப் பழக்கம். “சிஸ்டர், வென்ஃப்ளான் வலது கையில போடுங்க, இந்தக் கையிலதான் கேரம் ஆடுவேன்” என்று பேரம் பேசுவான். வென்ஃப்ளான் என்பது டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் விட்டு வைக்கும் ஊசிக்குழாய். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். என்ன தகராறோ, நாங்கள் கேட்டதில்லை. அவனை நடுவில் வைத்துத்தான் பேச்சு. “உங்கப்பாகிட்ட சொல்லு, ரத்தம் குடுக்க நாளைக்கு ஆள் வேணும்னு.” “உங்கம்மாகிட்ட சொல்லு, தெரியும்னு.” அப்படிப் பேச்சு ஆரம்பித்த உடனே அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான், தூங்குகிறானாம். இமை துடிக்கும். அவர்கள் வெளியே போனதும் ஒரு கண்ணைத் திறந்து, “போயிட்டாங்களா சிஸ்டர்?” என்பான். அவனுக்கு அந்த வேலை வேண்டாம். அவனுக்கு வேண்டியது கேரம், வாந்தி வராத ஒரு இட்லி, இரவில் விளக்கை முழுக்க அணைக்காமல் இருப்பது. ‘பா’வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிய கண்தான் நினைவுக்கு வந்தது. ஆரோவும் அப்படிப்பட்ட பிள்ளைதான். பரிதாபத்தை விரட்டியவன், டிவிக்காரர்களை விரட்டியவன், பெரியவர்களின் கல்யாணத்தையும் விரட்டியிருப்பான்.

வித்யாவுக்கும் இது அநியாயம். அவள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம், அது அவள் பாடு. சாகக் கிடக்கும் பிள்ளை கேட்கும்போது எந்த அம்மாவால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? தப்பு செய்தவருக்குத்தான் வலி அதிகம் என்கிற மாதிரி ஆரோ அம்மாவிடம் நியாயம் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. சோமியை அவன் மன்னித்ததற்கு அது பொருந்தும். அவள் சின்னப் பெண், முகத்தைப் பார்த்து மிரண்டாள், அவ்வளவே. அமோல் செய்தது அந்தக் கணக்கில் சேராது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது படம்.

பிள்ளையை வைத்துப் பெரியவர்களைச் சேர்த்து வைக்கும் இந்த வியாதி இந்திப் படங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1990-இல் நம் ‘அஞ்சலி’யிலும் அந்தச் சின்னப் பெண்தான் குடும்பத்தையும் காலனியையும் ஒட்டவைத்தாள், அதற்கும் ராஜாதான் இசை. நோயாளிப் பிள்ளை வந்தால் பெரியவர்கள் திருந்த வேண்டும் என்பது நம் சினிமாவின் சட்டம். அந்தச் சட்டத்தை ‘பா’ முக்கால்வாசி நேரம் மீறிக்கொண்டே வந்து, கரையேறும் நேரத்தில் பணிந்துவிட்டது. அதனால்தான் மற்றப் படங்களைவிட இதன் மேல் வருத்தம் அதிகம்.

பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடும் உட்காரலாம், ஆரோவின் சேட்டை அவர்களுக்குப் பிடிக்கும். கருக்கலைப்பைப் பற்றிய பேச்சு ஆரம்பத்திலேயே வருவதால் கேள்வி வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் சமயம் என்றால் மட்டும் இப்போது வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு, அந்தப் பிள்ளையே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டால் போடுங்கள்.